வரிக்குக் கீழே

புது வருஷத்தை
நான் நவம்பரிலேயே படித்து முடித்துவிட்டேன்.
செக்காலை ரோட்டில் எங்கள் அச்சகம்.
தினசரி காலண்டருக்குப் பிழை பார்ப்பது என் வேலை.
முந்நூற்று அறுபத்தைந்து தாள்,
நல்ல நேரம், கெட்ட நேரம்,
மேல்நோக்கு நாள், கீழ்நோக்கு நாள்,
ராசிக்கு ஒரு சொல்.
சிம்மத்தின் லாபம் லோபம் ஆகியிருந்தது.
மே மாதத்தில் இரண்டு பதினேழு.
ஒரு பதினேழை எடுத்தேன்.

ஆடியில் ஒரு தாள், அவர் போன தேதி.
விருச்சிகத்துக்கு, அதாவது எனக்கு,
'வரவு' என்றிருந்தது.
சிவப்புப் பேனா கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது.
எழுத்தில் குற்றமில்லை.
பிழை இல்லை என்று ஓரத்தில் கையெழுத்துப் போட்டேன்.

இன்று டிசம்பர் முப்பத்தொன்று.
கம்ப்யூட்டரை மூடும்போது ஜெனிபா கேட்டாள்,
"என்னக்கா தீர்மானம்?"
அவளுக்கு ஒன்பது இருக்கிறது. செல்லில் காட்டினாள்.
ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு கறுப்புப் புள்ளி.

வீட்டுக்கு வந்து
கழித்துப் போட்ட புரூஃப் தாளின் பின்பக்கம்
நானும் ஒரு புள்ளி வைத்தேன்.
அதற்குமேல் ஓடவில்லை.

எங்கள் சனத்தில் புள்ளி என்றால் குடும்பம்.
கல்யாணம் முடித்தால் ஒரு புள்ளி, கோயிலுக்கு ஒரு வரி.
இருவரில் ஒருவர் போனால் அரை.
கார்த்திகையில் வரி வாங்க வந்தவரிடம்
வழக்கம்போல முழுத்தொகை நீட்டினேன்.
பாதியை எண்ணித் திருப்பித் தந்தார்,
மரியாதையாகத்தான்.
தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார்.
"சம்பை ஊத்துத் தண்ணி மாதிரி வருமா" என்றார்.
அந்தப் பாதி இன்னும் சீனி டப்பாவுக்குக் கீழே கிடக்கிறது.

சரி, எழுதுவோம்.

காப்பிக்குச் சீனி குறைப்பது.
இது டாக்டருடைய தீர்மானம், என்னுடையது இல்லை.
அவருடைய எக்ஸெல் வண்டியைப் பழகுவது,
ஐந்து மணிக்கு, தெரு எழும்பும் முன்னே,
கல்லுக்கட்டிப் பக்கம் மட்டும் போகாமல்.
கொழுந்தனார் பங்குப் பேச்சு எடுத்தால்
அவர் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்வது,
நிலைவாசலைப் பார்த்து அல்ல.
அடுத்த கார்த்திகைக்கு முழு வரி.
கணக்கில் இடமில்லை என்றால்
உண்டியலில் இடமிருக்கிறது.

அப்புறம்
அவர் நம்பருக்கு ரீசார்ஜ்.
எழுதியபிறகுதான் தெரிந்தது, இது தீர்மானமில்லை, வழக்கம்.
இருபத்தெட்டு நாளுக்கு ஒருமுறை
யாரும் எடுத்துப் பேசாத செல்லுக்கு.
நிறுத்துவதுதான் தீர்மானம் ஆகும்.
குறுக்கே கோடு இழுத்தேன்.
ஓரத்தில் நீக்கல் குறியும் போட்டுவிட்டது,
பழகிய கை.

பன்னிரண்டு மணி. தெருவில் வெடி.
மேசையில் அவர் செல் நடுங்கியது.
ஏதோ ஒரு நகைக்கடை:
"அன்புள்ள வள்ளியப்பன் அவர்களுக்கு
இனிய புத்தாண்டு வாழ்த்துக்கள்."
வாழ்த்துகள் போதும், நடுவில் 'க்' வேண்டாம்
என்று சொல்ல வாயெடுத்து
வெறும் வீட்டில் சிரித்துவிட்டேன்.

புள்ளியை
எழுத்தின் தலையில் வைத்தால் உயிர் போய்விடும்.
அடித்த வரிக்குக் கீழே வரிசையாக வைத்தால்
அடித்தது செல்லாது, இருக்கட்டும் என்று பொருள்.
அச்சுக்கூடத்தில் எல்லோருக்கும் தெரிந்த சட்டம்.

வைத்தேன்.
பத்தோ பன்னிரண்டோ, எண்ணவில்லை.
ஒன்றுகூட அரை இல்லை.

நாலே முக்காலுக்கு அலாரம் வைத்துவிட்டு
பின்கட்டுக்குப் போய்
வண்டியைப் பிடித்துக் குலுக்கிப் பார்த்தேன்.
டேங்கில் சளக்கென்றது.
கொஞ்சம் இருக்கிறது.